ஜெபிச்சாச்சு

பத்து நாளாக ஆம்புரோஸின் வேன் ஈப்போவிலிருந்து லூமுட் வரைக்கும் ஒரு பெரிய பிழையை முதுகில் சுமந்துகொண்டு ஓடியது. சிவப்பு விளக்கில் நின்றால் பின்னால் நிற்கிற மோட்டார்சைக்கிள்காரர் சிரிப்பார். ஆம்புரோஸும் கண்ணாடியில் பார்த்துப் பதிலுக்குச் சிரிப்பார். நம்ம சனங்களுக்கு எப்போது இவ்வளவு அன்பு வந்தது என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்தபோது புந்தோங்கில் பேய்மழை. அடுப்படியில் பெட்ரீசியா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். அந்த வீட்டின் பிழைப்பே கச்சாங் பூத்தேதான். கடலை, முறுக்கு, பக்கடா, ஓமப்பொடி என்று வீட்டிலேயே பொரித்து, பையில் போட்டு, கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுவார்கள். பெட்ரீசியாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிப்பதற்குள் ஒரு முறுக்குச் சுற்றி முடித்துவிடுவாள். பத்து முறுக்கு ஆனால் ஒரு தட்டு நிறையும், ஜெபமாலையில் ஒரு பத்து மணியும் முடியும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முறுக்கும் கோணிக்கொள்ளும், மாதாவும் கோணிக்கொள்வாள்.

"ஏம்மா, இந்த சித்தியவான் தர்மேந்திரனுக்கு என்னா ஆச்சுன்னு தெரியல லா," என்று நனைந்த தலையைத் துவட்டியபடி ஆம்புரோஸ் வந்து நின்றார். "கடைக்கு உள்ள காலு வைக்கிறேன், விழுந்து விழுந்து சிரிக்கிறான். 'அண்ணே, ஏசுவால ஒங்களுக்கு எங்க வலி? முதுகுலயா மொழங்கால்லயா?'ன்னு கேக்குறான். வரும்போது ஒரு தைல பாட்டல வேற கையில குடுத்து அனுப்புறான்."

"எனக்கு என்னா தெரியும்? நீங்க எதுனா மொழங்கால் வலின்னு சொல்லிருப்பீங்க."

"நான் ஒண்ணுமே சொல்லல. நம்ம வேன் காடிக்குப் பின்னால கையக் காட்டுறான், சிரிக்கிறான்."

பெட்ரீசியா ஏழாவது மரியேயில் நிறுத்தினாள். கரண்டியும் கையுமாகக் குடையை விரித்துக்கொண்டு வெளியே போனாள். வேனின் பின்கண்ணாடியில் தங்க நிறத்தில், கொடி சுற்றி, பூ வைத்து, அவர்கள் மகள் செரீனா ஆசை ஆசையாய் ஒட்டிய ஸ்டிக்கர் மழையில் பளபளவென்று மின்னியது. ஒட்டிய அன்றைக்கு அழகாக இருக்கிறது என்று சொன்னதோடு சரி, பெட்ரீசியா வாசித்துப் பார்க்கவில்லை. இப்போது வாசித்தாள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்த கண் அது.

"இயேசுவே என் வலி."

"சரியாத்தான இருக்கு?" என்றார் ஆம்புரோஸ்.

"என்னாங்க சரி? வலின்னு போட்டிருக்கா!"

"ஆமா லா. ஏசுதான வலி? கோயில்ல சாமியாரே சொல்றாரு."

"சாமியார் சொல்றது வழி. இது வலி!"

ஆம்புரோஸின் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் படித்தது மலாய்ப் பள்ளி. அந்த 'ழ' என்ற எழுத்து அவர் வாய்க்கு என்றைக்கும் விருந்தாளியாகக்கூட வந்ததில்லை. மனைவி திரும்பத் திரும்பச் சொல்ல, அவர் திரும்பத் திரும்பத் தலையாட்டினார். கடைசியில் பெட்ரீசியாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஜாலான் இல்லைங்க! சாக்கிட்! ஏசு எனக்கு சாக்கிட்டுன்னு எழுதி ஒட்டி வச்சிருக்கா ஒங்க மக!"

மலாயில் சொன்னதும்தான் ஆம்புரோஸுக்கு உறைத்தது. பாதைக்குப் பதில் நோவு! பத்து நாளாகத் தன்னைப் பார்த்துச் சிரித்த முகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வர, மனிதர் குடையில்லாமல் மழையிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே, பைகளின் வாயைச் சூடு வைத்து ஒட்டுகிற மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த செரீனாவுக்கு எல்லாம் கேட்டது. பதினாறு வயசு. தமிழ் பேசுவாள், சண்டை போடுவாள், கெட்ட வார்த்தை வந்தால் புரிந்துகொள்வாள். எழுதப் படிக்க மட்டும் வராது. போனில் 'vali' என்று தட்டினாள், போன் ஒரு தமிழ்ச் சொல்லை நீட்டியது, சுழித்துச் சுழித்து அழகாக இருந்தது, எடுத்துக்கொண்டாள். ஸ்டிக்கர் அச்சடித்த சீனத்து அக்கா, "கன்ஃபெர்ம் ஆ, மோய்?" என்று தங்கச்சி முறை வைத்து இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் கன்ஃபெர்ம் என்றாள் இவள்.

அந்த ஸ்டிக்கருக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. 'கிரேஸ் கேர்ல்ஸ் ஈப்போ' என்று அவளுடைய பக்கத்தின் பெயர். வினை அதில்தான் இருந்தது.

செரீனாவும் அவள் வகுப்புத் தோழி ஷாமினியும் ஒரு வருஷமாக நடத்துகிற பக்கம் அது. வேதாகமத்தில் மஞ்சளும் ரோஸும் பூசி வீடியோ போடுவார்கள். மேசையில் மெழுகுவர்த்தி, ஒரு கோப்பை காப்பி, பக்கத்தில் பூ. 'காலை ஐந்து மணி, ஆண்டவரோடு நான்' என்று தலைப்பு இருக்கும். எடுத்தது ஒன்பதரைக்கு, ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு. காப்பி எப்போதும் ஆறிப்போயிருக்கும், ஏனென்றால் ஆவி தெரிய வேண்டும் என்று எட்டுத் தடவை எடுப்பார்கள். ஊரில் எந்தப் பெண் எந்தப் பாட்டுக்கு எப்படிக் கண்ணை மூடிக் கையை உயர்த்துகிறாள் என்று பார்த்து, அதே பாட்டுக்கு அதே போல் உயர்த்துவார்கள். தப்பாகச் சொல்லவில்லை. அவர்களுக்கு இயேசுவைப் பிடிக்கும். அவரைவிட வெளிச்சத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

போன பெருநாளிலிருந்து புதிதாக ஒன்று ஆரம்பித்தார்கள். 'உங்கள் ஜெப விண்ணப்பத்தைக் கீழே எழுதுங்கள், நாங்கள் ஜெபிப்போம்.' எழுதினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பரீட்சை, அப்பாவின் குடி, அம்மாவின் சிறுநீரகம், ஓடிப்போன பூனை. ஒவ்வொருவருக்கும் செரீனா ஒரே பதிலைப் போட்டாள். 'ஜெபிச்சாச்சு', பக்கத்தில் ஒரு மஞ்சள் பூ. ஒருத்தருக்காகவும் ஜெபிக்கவில்லை. அது அவளுக்கும் ஷாமினிக்கும் தெரியும். ஒருவருக்கொருவர் அதைப் பேசிக்கொண்டதே கிடையாது.

அரை மணி நேரத்தில் ஷாமினி முழுக்க நனைந்து ஓடி வந்தாள்.

"செத்தோம் லா! யாரோ ஒங்க காடிய போட்டோ எடுத்துப் போட்டாங்க. எங்க சித்தி பினாங்குலேருந்து அனுப்புறாங்க!"

"எத்தன பேரு பாத்திருக்காங்க?"

"எண்ணாத. 'மாத்திர போட்டா சரியாயிரும்'னு எழுதுறான் ஒருத்தன். 'எக்ஸ்ரே எடுத்தீங்களா'ன்னு கேக்குறா ஒருத்தி. நம்ம மறைக்கல்வி கிளாஸ் குரூப்புல அந்த மார்கஸ் இருக்கான்ல, அவன் தைல பாட்டல் படம் போட்டிருக்கான்."

"எனக்கு மாலு லா, ஷாமி, வெக்கமா இருக்கு. ஞாயித்துக்கெழம பூசைக்கு எப்படிப் போறது? பக்கத்தையே அழிச்சிறவா?"

பெட்ரீசியா உள்ளே வந்து குடையை மடக்கினாள். சிரிப்பதா அடிப்பதா என்று அவள் முகம் முடிவு செய்யவில்லை. முதலில் சிரிப்புத்தான் வந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் சட்டென்று நிறுத்தினாள்.

"அழிக்கிறது அப்புறம். ஒண்ணு கேக்குறேன். அஞ்சு மணிக்கு எழுந்து ஆண்டவரோட பேசுறேன்னு ஊருக்கே காட்டுற. எட்டு மணிக்கு மூஞ்சில தண்ணி தெளிச்சு எழுப்புறவ நானு. அவருகிட்ட நீ என்னாதான் பேசுற?"

"ம்மா, அது கன்டென்ட்ம்மா."

"அதுதான் கேக்குறேன். கன்டென்ட்டு யாருக்கு? அவருக்கா?"

செரீனா அடுத்த பையை எடுத்து மெஷினில் வைத்தாள். ஆம்புரோஸ் ஈரச் சட்டையோடு பிளேடையும் சுடுதண்ணீரையும் தூக்கிக்கொண்டு வேனைச் சுரண்டப் போய்விட்டார். அப்போதுதான் அந்தக் குரல் செய்தி வந்தது.

தெரியாத பெயர். ஷாமினி பயந்துகொண்டே தட்டினாள். வசவாக இருக்கும் என்று இருவரும் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். பெண் குரல், நல்ல கணீர் குரல்.

"ஹலோ கிரேஸ் கேர்ல்ஸ். நான் ஜெசிந்தா, சித்தியவான் பக்கத்துலேருந்து. ஒங்க காடிய போன்ல பாத்தேன். அய்யோ, நான் சிரிச்ச சிரிப்புல கால்ல கம்பியே ஆடிருச்சு. சிரிச்சே நாலு மாசம் ஆச்சு, அதுனால தேங்ஸ். நான் ஒங்களுக்கு ஏழு தடவ எழுதிருக்கேன், நெனப்பு இருக்கா? அந்த நாலு மணி கேஸ். ஒங்க அப்பா காடி எங்க பக்கம் வருதாமே, தர்மேந்திரன் கட அண்ணே சொன்னாரு. அப்படின்னா நீங்களும் ஏறி வாங்க லா. நேர்ல வந்து ஒரு தடவ ஜெபிங்க. எனக்கு ஆளு மொகத்தப் பாத்தும் ரொம்ப நாளாச்சு."

செரீனா போனை வாங்கி மேலே தள்ளித் தள்ளித் தேடினாள். இருந்தது. 'மோட்டார்ல விழுந்து காலு உடஞ்சிருச்சு. வெளிய கம்பி போட்டிருக்காங்க. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு கம்பிய சுத்தி கழுவணும். அந்த நேரத்துக்கு மட்டும் ஜெபிங்க.' கீழே 'ஜெபிச்சாச்சு', மஞ்சள் பூ. ஏழு தடவை கேட்டிருந்தாள். ஏழு மஞ்சள் பூ.

செரீனா அந்தப் பூக்களை மறுபடியும் எண்ணினாள். ஆனால் ஷாமினியின் கண் பளிச்சென்று எரிந்தது.

"செரீனா! இது ஆண்டவரே அனுப்புனது லா! நாளைக்கு சனிக்கெழம. அங்கிள் சித்தியவான் போறாரு. நாமளும் போறோம். அவகூட ஒக்காந்து ஜெபிக்கிறோம், வீடியோ எடுக்கிறோம். 'எங்களப் பாத்து சிரிச்சீங்க, நாங்க போயி வலிக்கு ஜெபிச்சோம்'னு போடுறோம். சிரிச்சவன் எல்லாம் அழுவான்!"

என்ன இருந்தாலும் பதினாறு வயசு. ஏழு பூவும் மறந்துபோய், அந்த இடத்தில் ஒரு குதி குதிக்கிற சந்தோஷம் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு மிச்சமிருந்த பைகளை இருவரும் பறந்து பறந்து ஒட்டினார்கள். பெட்ரீசியா போக வேண்டாம் என்று சொல்லவில்லை. புதிதாகப் பொரித்த முறுக்கில் உடையாததாகப் பார்த்து ஒரு டின்னில் அடுக்கினாள்.

"போயி என்னா பண்ணப் போற?"

"ஜெபிக்கத்தான்ம்மா."

"எப்படி?"

"அதான்... ஜெபம்மா."

"ம்," என்றாள் பெட்ரீசியா. அந்த ஒற்றை 'ம்' செரீனாவுக்குப் பிடிக்கவே இல்லை.

மறுநாள் மதியம் கிளம்பினார்கள். ஆம்புரோஸ் சுரண்டியதில் 'வலி' மட்டும் போயிருந்தது. மிச்சம் பசை இறுகிக்கொண்டு வரவில்லை. 'இயேசுவே என்' என்று எழுதி, அதற்கப்புறம் வெறும் கீறல்களோடு வேன் ஓடியது. பரீட்சைத் தாளில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்ன மாதிரி இருந்தது. முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் கடலை மூட்டைகள் ஒவ்வொரு மேட்டுக்கும் குலுங்கின. சுண்ணாம்பு மலைகளைத் தாண்டி, பாரிட் தாண்டி, ஆயர் தாவார் வந்தபோது மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. ஷாமினி 'ஹாய் எவ்ரிபடி'யை இருபது விதமாகச் சொல்லிப் பார்த்தாள். செரீனா போனே எழுதிக் கொடுத்த ஒரு நீளமான ஜெபத்தை உருப்போட்டாள். 'கிருபையின் கடலே' என்று ஆரம்பிக்கும். கேட்டால் பாதிரியார்களே எழுந்து நிற்பார்கள், அவ்வளவு ஜோர்.

"நல்லாருக்கா ப்பா?"

"நல்லாத்தான் இருக்கு. அந்தப் புள்ளைக்குப் புரியுமா?"

"புரியணும்னு இல்லப்பா. ஃபீல் ஆவணும்."

"எனக்கு சாக்கிட்டே நேத்துதான் புரிஞ்சுச்சு," என்று ஆம்புரோஸ் வைப்பரை வேகமாக்கினார்.

அது ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். இப்போது கண்ணுக்கு எட்டிய வரைக்கும் செம்பனை. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த பழைய லயத்தில் ஆறு வீடுகளில்தான் ஆள் இருந்தது. கடைசி வீட்டு வாசலில் பெண்களை இறக்கிவிட்டு, லூமுட் படகுத்துறைக் கடைகளுக்குச் சரக்குப் போட்டுவிட்டு ஐந்து மணிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லி ஆம்புரோஸ் போனார். அப்போது மணி மூன்றேகால்.

"தொறந்துதான் கெடக்கு, வாங்க லா!"

ஜன்னல் ஓரக் கட்டிலில் ஜெசிந்தா சாய்ந்திருந்தாள். பதினேழு வயசு இருக்கும். ஒடிசலான முகம், துறுதுறுவென்று கண். இடது காலைத் தலையணை மேல் நீட்டியிருந்தாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு இரும்பு வளையங்கள். வளையங்களிலிருந்து எட்டுக் கம்பிகள் நேராகச் சதைக்குள் இறங்கியிருந்தன. வீடியோவில் பார்ப்பதற்கும் பக்கத்தில் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. கம்பி இறங்குகிற இடத்தில் தோல் சிவந்து, ஈரமாக, லேசாகத் துடித்தது. ஷாமினி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்புடாதீங்க, கடிக்காது. அது என்னா டின்னு?"

"அம்மா சுட்ட முறுக்கு. அக்கா, நான் செரீனா."

"அக்காவா? ஒரு வருஷந்தான் மூப்பு, கெழவி ஆக்காத." ஜெசிந்தா ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். "அடேங்கப்பா. எங்கம்மா இருந்திருக்கணும். அவங்க பழம் பொறுக்கப் போயிருக்காங்க, மரத்தடியில உதுருதுல்ல, அது. மூணரைக்கெல்லாம் வந்துருவாங்க. வந்துதான் கம்பி கழுவணும். வீடியோ எடுக்கப் போறீங்களா?"

"எடுக்கலாமா?" என்றாள் ஷாமினி அவசரமாக.

"தாராளமா எடுங்க. இருங்க, முடிய சீவிக்கிறேன்."

ஷாமினி ஜன்னல் கட்டையில் போனை நிறுத்தினாள். செரீனா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையைக் கோத்து, 'கிருபையின் கடலே' என்று வாய் திறக்கப் போனாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் ஜெசிந்தா சீப்பை வைத்துவிட்டு. "ஜெபத்துக்கு முன்னால ஒரு சந்தேகம். நாலாவது தடவ நான் எழுதுனது காலையில பத்து மணிக்கு. பத்து அஞ்சுக்கு நீங்க 'ஜெபிச்சாச்சு'ன்னு போட்டீங்க. சாயங்காலம் நாலு மணிக்கு வரப்போற வலிக்கு, பத்து அஞ்சுக்கே எப்படி லா ஜெபிச்சு முடிச்சீங்க?"

கிண்டலாகத்தான் கேட்டாள். முகத்தில் கோபம் இல்லை. ஷாமினி இருமினாள். செரீனாவின் நாக்கில் ஒரு நல்ல பதில் தயாராக இருந்தது. ஆண்டவருக்கு நேரம் காலம் கிடையாது என்று சொல்லலாம். அழகான பதில், வீடியோவுக்கும் நன்றாக இருக்கும். அதைச் சொல்ல வாயெடுத்தவள் கண் அந்தக் கம்பிகளில் போய் விழுந்தது.

"ஜெபிக்கல," என்றாள்.

"நாலாவது தடவையா?"

"ஏழு தடவையும். ஒங்களுக்கு மட்டும் இல்ல. முந்நூத்திப் பன்னெண்டு பேரு எழுதுனாங்க. ஒருத்தருக்கும் ஜெபிக்கல. எல்லாருக்கும் ஒரே பூவ ஒட்டுனேன். இன்னிக்குக்கூட... வீடியோவுக்குத்தான் வந்தேன்." அவள் கோத்த கையைப் பிரித்துக்கொண்டாள். "சோரி லா."

ஷாமினி எழுந்து போய்ப் போனை நிறுத்தினாள். மழை தகரக் கூரையில் கொட்டியது. ஜெசிந்தா மிச்ச முறுக்கை வாயில் போட்டு மென்றாள்.

"தெரியும்," என்றாள்.

"தெரியுமா? தெரிஞ்சுமா ஏழு தடவ எழுதுனீங்க?"

"என்னைக்காவது ஒரு நாளு கை தவறி நெசமாவே ஜெபிச்சிற மாட்டீங்களான்னுதான்."

செரீனா அழுதாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவமானமாக இருந்தது, நேற்று ஊர் சிரித்தபோது வந்த அவமானம் இல்லை இது, வேறு ஜாதி. ஆனால் சொல்லி முடித்ததில் நெஞ்சுக்குள் என்னவோ கழன்று விழுந்து, மூச்சு நன்றாக இழுக்க வந்தது. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்போது ஜெசிந்தாவின் போன் அடித்தது. அவள் அம்மா கலாதேவி. பேசுவது அந்த அறைக்கே கேட்டது. "லோரி சேத்துல மாட்டிக்கிச்சும்மா. தள்ளித் தள்ளிப் பாக்குறோம், நவுர மாட்டேங்குது. ஆறு மணி ஆயிரும் போல. நீயே முன்னால இருக்குறத கழுவிக்கிறியா? பின்னால ரெண்டு கம்பி எட்டாதே... நேத்து டாக்டரு என்னா சொன்னாரு, அந்த எடத்துல சீழு வக்கிற மாதிரி இருக்குன்னாரே, நேரம் தவறக் கூடாதுன்னாரே!"

"ம்மா, கத்தாதீங்க. ஆளு இருக்கு." ஜெசிந்தா நிமிர்ந்து செரீனாவைப் பார்த்தாள். "இருக்குதான?"

செரீனா கையைப் பார்த்தாள். தினமும் நானூறு பைகளைச் சூட்டுக் கம்பியில் ஒட்டுகிற கை. விரல் நுனி படாமல் நிதானமாக வைத்து எடுக்கத் தெரிந்த கை.

"இருக்கு," என்றாள்.

சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினாள். ஜெசிந்தா ஒவ்வொன்றாகச் சொன்னாள். உப்புத்தண்ணீர்ப் பாட்டில் இது, பஞ்சு இது, ஒரு கம்பிக்குத் தொட்ட பஞ்சை இன்னொன்றுக்குத் தொடக் கூடாது, உள்ளேயிருந்து வெளியே துடைக்கணும், இழுக்கக் கூடாது, காய்ந்ததை ஊற வைத்துத்தான் எடுக்கணும். ஷாமினி ஒரு தடவை பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று மைலோ கலக்க அடுப்படிக்கு ஓடினாள். முன்னால் இருந்த ஆறையும் ஜெசிந்தா தானே பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். பின்னால் இரண்டு. செரீனா தரையில் மண்டி போட்டு, ஒரு கையால் குதிகாலைத் தாங்கினாள். கால் சூடாக, கனமாக இருந்தது.

"சுவரப் பாத்து நானே ஜெபிச்சுப் பாத்திருக்கேன்," என்றாள் ஜெசிந்தா, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு. "வலி வந்தா வார்த்த போயிருது. அதுக்குத்தான் வேற ஆளு கேட்டேன். நீ சொல்லு. நான் புடிச்சிக்கிறேன்."

பஞ்சு பட்டது. ஜெசிந்தாவின் தொடை விறைத்தது, ஒரு முனகல் வந்தது. செரீனா 'கிருபையின் கடலே'யைத் தேடினாள். வேனில் இருபது தடவை சொன்னது, ஒரு வார்த்தை இல்லை. பஞ்சை எடுத்துவிடலாமா என்று நினைத்தாள். அப்படியே வாய் திறந்தாள். வந்தது இதுதான்:

"ஆண்டவரே, இவங்களுக்கு வலிக்குது. ரொம்ப வலிக்குது லா. என் கையி ஆடுது. நான் எதையும் இழுத்துறக் கூடாது. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல, கோவிச்சிக்காதீங்க. கொஞ்சம் வாங்க. இந்தக் கால நீங்களும் புடிங்க. ஆண்டவரே, வாங்க லா. இப்பவே வாங்க லா!"

கண்ணீர் வழிய ஜெசிந்தா வெடித்துச் சிரித்தாள். "அடிப்பாவி! கடவுளையே கூட்டாளிய கூப்புடுற மாதிரி லா போட்டுக் கூப்புடுறா!"

"ஆடாதீங்க! ஆண்டவரே, இவங்கள ஆடாம இருக்கச் சொல்லுங்க!"

"சொல்றாரு, சொல்றாரு, நீ தொடைச்சு முடி!"

செரீனா துடைத்தாள். சொல்லிக்கொண்டே துடைத்தாள். என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டால் அவளுக்கே தெரியாது. காலைப் பற்றிச் சொன்னாள், சேற்றில் மாட்டிய லோரியைப் பற்றிச் சொன்னாள், சீழ் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். முதல் கம்பி முடிந்தது. இரண்டாவதில் ஒட்டியிருந்த பொருக்கு ஊறி, தானாகக் கழன்று, பஞ்சோடு வந்தது. அடியில் சுத்தமான ரோஸ் நிறத் தோல். துணி சுற்றி முடித்து எழுந்தாள். நெஞ்சு ஓட்டப் பந்தயத்தில் ஓடி வந்த மாதிரி அடித்தது. வெளியே ஓடிப்போய் அந்தச் செம்பனை மரங்களைப் பார்த்துக் கத்த வேண்டும் போலிருந்தது. என்னவென்று கத்துவது என்றுதான் தெரியவில்லை.

மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து மைலோ குடித்தார்கள், டின்னைப் பாதி காலி பண்ணினார்கள். ஜெசிந்தா மோட்டாரில் விழுந்த கதையைச் சொன்னாள். அவள் விழுந்த இடத்தில் ஒரு மாடு நின்று வேடிக்கை பார்த்ததாம். ஷாமினி அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். வெளியே மழை தூறலாகிவிட்டது.

"சரி, இப்ப ஒன்னோடது சொல்லு," என்றாள் ஜெசிந்தா.

"என்னாது?"

"விண்ணப்பம். ஊரு பூரா கேட்டியே. நீ ஒண்ணாச்சும் எழுதுனியா? நான் ஜெபிக்கிறேன். எனக்கு வேற வேலையும் கெடையாது."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"பொய் சொல்லாத. இப்பத்தான் நிறுத்துன."

செரீனா யோசித்தாள். பரீட்சை இருந்தது. முகப்பரு இருந்தது. நாளைக்குப் பூசையில் மார்கஸின் மூஞ்சியில் விழிக்க வேண்டும். எதையாவது ஒன்றைச் சொல்லலாம். ஆனால் இந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சின்னதாக ஒன்றைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவரு இருக்காரான்னு எனக்குத் தெரியல," என்றாள்.

ஷாமினி திகைத்துத் திரும்பினாள்.

"கோயிலுக்குப் போறேன். பாடுறேன். கைய தூக்குறேன். உள்ள ஒண்ணுமே கேக்கல, ஒரு நாளும் கேட்டதில்ல. யாருகிட்டயும் சொல்லல, எங்கம்மாகிட்டகூட சொல்லல. இன்னிக்கு ஒங்க கால புடிச்சிக்கிட்டு வாங்க வாங்கன்னு கூப்புட்டேன்ல, அப்ப... பக்கத்துல யாரோ மண்டி போட்ட மாதிரி இருந்துச்சு. அது நெசமா, இல்ல பயத்துல வந்ததா? எனக்குத் தெரிஞ்சே ஆகணும் லா!" சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. கன்னம் சிவந்து கண் ஜொலித்தது.

ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"இது பெரிய கேஸு லா," என்றாள். "எனக்கும் சில நாளு அதே சந்தேகந்தான். ஷாமினி, நீயும் கைய குடு. மூணு பேரும் கேப்போம்."

வாசலில் வேன் வந்து நின்று ஹார்ன் அடித்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. "செரீனா! நேரமாச்சு, கெளம்பும்மா!" என்று ஆம்புரோஸ் தூறலில் நின்று கூப்பிட்டார்.

செரீனா இரண்டு பக்கமும் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடியபடியே ஜன்னல் பக்கம் கத்தினாள்.

"இருங்கப்பா! இப்பத்தான் எனக்கு ஜெபிக்க ஆரம்பிச்சிருக்காங்க!"